மதுரையின் வீதியை அளந்துவிட்டு மதுரைக்கு பஸ் வாங்குங்கள்

தமிழ்நாடு அரசின் போக்குவரத்துத் துறை, வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை, நகராட்சி நிர்வாகத் துறை ஆகியவற்றின் கோப்புகளில் கையெழுத்திடும் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளும் தெரியாது, ஸ்கூட்டரும் தெரியாது. மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பிறந்தேன். கல்யாணமாகிக் கோவைக்குப் போனேன். பீளமேட்டுப் பக்கம் பம்பு செட் செய்யும் ஒரு நிறுவனத்தில் 26 ஆண்டுகள் கணக்கு எழுதினேன். ஓய்வு பெற்றபின் சென்னையில், வேளச்சேரியில் மகன் வீட்டில் இருக்கிறேன். இந்த மூன்று ஊர்களிலும் என் இரண்டு கால்களையும் டவுன் பஸ்ஸையும் நம்பியே வாழ்ந்திருக்கிறேன். பொறியியல் படித்தவள் இல்லை. ஆனால் பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் என் ஆயுளில் சில ஆண்டுகள் தேறும். அந்த அனுபவம் தந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ ரயில் திட்ட அறிக்கைகளை ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. கோவைக்கு 39 கிலோமீட்டர், மதுரைக்கு 32 கிலோமீட்டர், இரண்டுக்கும் சேர்த்து 22,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பீடு. 2017-ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கையின்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கெடுப்பின்படி இவ்விரு ஊர்களிலும் அத்தனை பேர் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். இந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. 2011-க்குப் பிறகு இரண்டு ஊர்களும் எப்படிப் பெருத்திருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதே 2011 கணக்கில் 20 லட்சத்தை எட்டாத ஆக்ராவிலும் போபாலிலும் மெட்ரோ ஓடுகிறது. எனவே அந்த உரிமைக்காக அரசு வாதாட வேண்டும். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை மெட்ரோ வருமா வராதா என்ற ஒரே கேள்வியில் இரண்டு ஊர்களின் போக்குவரத்துப் பேச்சும் சிக்கிக்கொண்டு நிற்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. இன்றே அனுமதி கிடைத்தாலும் முதல் ரயில் ஓடப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை காந்திபுரத்திலும் கோரிப்பாளையத்திலும் நிற்பவர்கள் என்ன செய்வார்கள்? அதைவிட அடிப்படையான இன்னொரு கேள்வியும் உண்டு. மதுரையின் நோயும் கோவையின் நோயும் ஒன்றா?

உலகத்தில் போக்குவரத்தைச் சரிசெய்துகொண்ட ஊர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. அவை முதலில் தங்கள் நிலத்தைப் பார்த்தன. கொலம்பியாவில் மெடயின் என்ற ஊரில் ஏழைகள் செங்குத்தான மலைச்சரிவுகளில் குடியிருந்தார்கள். பஸ் ஏற முடியாத சரிவு. 2004-இல் அங்கே கேபிள் கார் என்னும் கம்பிவழித் தொட்டில்களை ஓடவிட்டு, கீழே ஓடும் மெட்ரோவுடன் அதே டிக்கெட்டில் இணைத்தார்கள். பொலிவியாவின் லா பாஸ் 2014-இல் அதையே தன் முதன்மைப் போக்குவரத்தாக ஆக்கிக்கொண்டது. நம் பக்கத்துக் கொச்சியில் தீவுகளில் இருப்பவர்கள் கரைக்கு வருவதே பெரும்பாடு. 2023 ஏப்ரலில் அங்கே மின்கலத்தில் ஓடும் படகுகள் வந்தன. பத்துத் தீவுகளை 38 படகுத்துறைகளால் இணைப்பது திட்டம். படகுகள் அந்த ஊர்க் கப்பல் தளத்திலேயே கட்டப்பட்டன. கொச்சியில் மெட்ரோ ரயிலும் இருக்கிறது. ஆனாலும் தீவுக்காரர்களுக்குத் தேவை படகு என்பதை அவர்கள் மறக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குச் சென்னையின் பக்கிங்காம் கால்வாய் நினைவுக்கு வந்து நெஞ்சு வலிக்கிறது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகில் வந்த அந்தக் கால்வாயின் நடுவில்தான் பறக்கும் ரயிலின் தூண்களை இறக்கினோம். 1895 முதல் ஓடிய டிராமையும் 1953-இல் நிறுத்திவிட்டோம். இருந்ததை அழித்துவிட்டுப் புதியதைத் தேடும் பழக்கம் நமக்கு நெடுநாளாக இருக்கிறது.

மதுரைக்கு வருகிறேன். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதையும் சுற்றி மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. இவற்றில் வெளி வீதி மட்டும் பிற்காலத்தது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது உண்டானது. அந்த வேலையில் துணைநின்ற மாரட்டின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இன்றும் வீதிகளுக்கு இருக்கின்றன. அதுதான் மதுரையின் உள்நகரம் கடைசியாக மூச்சுவிட்ட தருணம். இனி அங்கே இடிப்பதற்குச் சுவர் இல்லை, தூர்ப்பதற்கு அகழி இல்லை. மாசி வீதியை அகலப்படுத்துகிறேன் என்று எவராவது சொன்னால் அவர் ஆயிரம் கடைகளையும் ஆயிரம் வீடுகளையும் இடிக்கப் போகிறார் என்று பொருள். ஆகவே மதுரையின் கேள்வி தெளிவானது. வீதி வளராது. அப்படியென்றால் அந்த வீதியில் எது போக வேண்டும், எது போகக் கூடாது?

என் அம்மாவுக்கு வயது 84. அவர் மீனாட்சியைப் பார்க்கப் போவதை நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முழங்கால் வலி என்று முதலில் நினைத்தோம். அருகில் உட்கார்ந்து கேட்டபோதுதான் சொன்னார்: “நடப்பேன், ஆனா வண்டிக்குப் பயமா இருக்கு.” சித்திரை வீதியில் வண்டிகள் கிடையாது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் குழந்தைகூட நடக்கலாம். ஆனால் எங்கள் சந்திலிருந்து அங்கே போய்ச் சேரும் சில நூறு மீட்டரில் இருசக்கர வண்டிகளும் ஆட்டோக்களும் சரக்கு இறக்கும் வண்டிகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன. எண்பது ஆண்டுகளாகக் கோயிலின் நிழலில் வாழ்ந்தவருக்குக் கோயில் எட்டாத தொலைவாகிவிட்டது. இந்தத் தொலைவை எந்த மெட்ரோவும் குறைக்காது.

எது குறைக்கும் என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். சித்திரைத் திருவிழாவில் தேர் வரும் நாளில் மாசி வீதிகளில் ஒரு வண்டி இருக்காது. லட்சக்கணக்கானவர்கள் நடந்தே வருகிறார்கள், நடந்தே போகிறார்கள். வியாபாரமும் நடக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள் இந்த ஊர் தன் போக்குவரத்தைத் தானே சரியாக நடத்திக்காட்டுகிறது. அதில் கால்வாசியை மற்ற நாள்களுக்கும் கொண்டுவர முடியாதா? வெளி வீதிகளைச் சுற்றி இரண்டு திசைகளிலும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சிறிய மின்சார பஸ்களை விடுங்கள். ரயில் நிலையம், பெரியார் பஸ் நிலையம், சிம்மக்கல், யானைக்கல், விளக்குத்தூண் பக்கம் என எல்லாவற்றையும் அவை தொட்டுச் செல்லட்டும். அதற்கு உள்ளே வயதானவர்களுக்கு மட்டும் பேட்டரி வண்டி, மற்றவர்களுக்கு நடை. கீழ மாசி வீதி மொத்தக் கடைகளின் சரக்கு இரவில் இறங்கட்டும். கடைக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசாமல் இதை அறிவிக்காதீர்கள். அவர்கள் அந்த வீதியின் எதிரிகள் இல்லை. வாடிக்கையாளர் நடந்து வந்தால்தான் கடைக்குள் நுழைவார் என்பதைத் தேர் நாளில் பார்த்தவர்கள் அவர்கள்.

நான் கேட்டுக்கொள்வது பஸ்ஸின் நீளத்தைப் பற்றியும்தான். சென்னைக்கு வாங்கும் பன்னிரண்டு மீட்டர் பஸ்ஸையே மதுரைக்கும் வாங்கினால், அது ஒரு திருப்பத்தில் மாட்டிக்கொண்டு பின்னால் வரும் ஐம்பது வண்டிகளை நிறுத்திவிடும். பிறகு பஸ்ஸால்தான் நெரிசல் என்று ஊரே பேசும். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை, மெட்ரோவுக்கென்று வரைந்த அதே நெடுவழியில் பெரிய பஸ்களை விடுங்கள். சிக்னலில் அவற்றுக்கு முதல் வழி கொடுங்கள். பிற்காலத்தில் மெட்ரோ வருமானால் அதற்கான பயணிகளை அந்த பஸ்ஸே சேர்த்துவைத்திருக்கும்.

கோவையின் கதை முழுக்க வேறு. அங்கே சாலைகள் அகலமாகவே இருக்கின்றன. அவிநாசி சாலை, திருச்சி சாலை, மேட்டுப்பாளையம் சாலை, சத்தியமங்கலம் சாலை, பொள்ளாச்சி சாலை என்று ஊர் விரல்களைப் போல நீண்டு வளர்ந்திருக்கிறது. ஒரு விரலில் இருக்கும் பட்டறைக்கு இன்னொரு விரலில் குடியிருப்பவர் போக வேண்டும். காந்திபுரமோ உக்கடமோ வராமல் போக வழியில்லை. இதனால்தான் கோவையில் வேலைக்குச் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் முதல் மாதச் சம்பளத்தில் வண்டிக்குத் தவணை கட்டத் தொடங்குகிறது.

இன்னொன்று, கோவையில் டவுன் பஸ்களில் கணிசமானவை தனியார் பஸ்கள். அவற்றின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். இருபத்தாறு ஆண்டுகள் அவர்கள்தான் என்னை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு கோளாறு இருக்கிறது. டிக்கெட் கலெக்‌ஷன்தான் முதலாளியின் வருமானம். ஆகவே முன்னால் போகும் பஸ்ஸை முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்தின் கூட்டம் கிடைக்கும். டைமிங் தகராறில் நடுச்சாலையில் பஸ்ஸை நிறுத்திச் சண்டை போடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கூட்டம் இருக்கும் வேளையில் பஸ்ஸுக்குப் பின்னால் பஸ் வரும். கூட்டம் இல்லாத வேளையில் ஒன்றும் வராது.

எங்கள் நிறுவனத்தில் வைண்டிங் பிரிவில் வேலை செய்த பெண்கள் இரண்டாம் ஷிஃப்டு முடிந்து இரவில் வெளியே வருவார்கள். கடைசி டிரிப்பில் ஆள் குறைவு என்று ஒரு தனியார் பஸ் அடிக்கடி அந்த டிரிப்பையே விட்டுவிடும். ஒரு மழை இரவில் நான்கு பெண்கள் பூட்டிய டீக்கடை வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி அடுத்த மாதமே வேலையை விட்டாள். திறமையான கைகள் அவளுடையவை. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. போக்குவரத்துத் திட்டம் என்று நீங்கள் வைத்திருக்கும் எந்தக் கோப்பிலும் அவள் விட்ட வேலை ஒரு இழப்பாக எழுதப்பட்டிருக்காது.

இதற்குத் தீர்வு இருக்கிறது, நீங்களே அதைச் சென்னையில் செய்துகொண்டிருக்கிறீர்கள். 2025 ஜூனில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து புறப்பட்ட மின்சார பஸ்கள் தனியாருடையவை. ஆனால் அவர்களுக்குப் பணம் கிலோமீட்டர் கணக்கில் தரப்படுகிறது. டிக்கெட் பணம் அரசுக்கு வருகிறது. ஓடிய தூரத்துக்குக் கூலி என்றால் முந்திப் போக வேண்டிய தேவை இல்லை, கடைசி டிரிப்பை விட்டுவிடும் ஆசையும் வராது. விட்டால் கூலி போகும். இந்த முறை சென்னையைவிடக் கோவைக்குத்தான் அதிகம் பொருந்தும். ஏற்கெனவே ஓடும் தனியார் பஸ் முதலாளிகளை விரட்டாமல், அவர்களையே இந்த ஒப்பந்தத்துக்குள் கொண்டுவரலாம். அப்படிச் செய்தால் இன்னொரு அநீதியும் தீரும். 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் என் வாழ்நாளில் நான் பார்த்த மிகச் சிறந்த போக்குவரத்துச் சீர்திருத்தம். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கணக்கிட்டது. ஆனால் அந்தச் சலுகை அரசு டவுன் பஸ்ஸில் மட்டும்தான். முதலில் வருவது தனியார் பஸ்ஸாக இருக்கும் ஒரு வழித்தடத்தில், கோவைப் பெண் காசு கொடுத்துத்தான் ஏறுகிறாள். ஒரே திட்டம், ஊருக்கு ஊர் வேறு பலன். ஊரைப் பார்த்துத் திட்டம் தீட்ட வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. 1,791 கோடி ரூபாய். விமான நிலையத்துக்கு விரைவாகப் போகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் மேலே போகிறவர்கள் காரில் போகிறவர்கள். பஸ் கீழே ஓடுகிறது, பஸ்ஸுக்கு நிற்பவர்களும் கீழேதான் நிற்கிறார்கள். மேலே வண்டிகள் போய்விட்டதால் கீழே கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது அல்லவா? அந்த இடத்தை மறுபடியும் கார்களே நிரப்புவதற்கு முன்னால், ஒரு தடத்தை பஸ்ஸுக்கென்று ஒதுக்குங்கள். வர்ணம் அடித்து, கேமரா வைத்து, மீறினால் அபராதம் போட்டு. இதற்கு ஒன்றிய அரசின் அனுமதி தேவையில்லை.

பஸ் தடம் என்றதும் தில்லியைச் சொல்லி மறுப்பார்கள் என்று தெரியும். தில்லியில் 2008-இல் தொடங்கிய பஸ் தடத்தை 2016-இல் பெயர்த்து எடுத்தார்கள். ஆறு கிலோமீட்டர்கூட இல்லாத துண்டுத் தடம் அது. அதற்கு முன்னும் பின்னும் பஸ் பழைய நெரிசலில்தான் மாட்டியது, காரில் போகிறவர்களின் கோபமோ முதல் நாளிலிருந்தே இருந்தது. ஆமதாபாத்தில் 2009-இல் தொடங்கியது இன்றும் ஓடுகிறது, வலைப்பின்னலாக விரிந்ததால் மக்களுக்குப் பயன்பட்டது. எனவே பஸ் தடம் எங்கும் வெற்றி பெறும் என்று நான் சொல்லவில்லை. மாசி வீதியில் பஸ் தடம் போட்டால் அது பைத்தியக்காரத்தனம். அவிநாசி சாலையில் போடாமல் விட்டால் அது வீணடிப்பு.

இனி நான் இப்போது வாழும் ஊர். சென்னைக்கு என்ன குறை? எல்லாம் இருக்கிறது. மின்சார ரயில், பறக்கும் ரயில், மெட்ரோ, மாநகர பஸ், சிற்றுந்து, ஷேர் ஆட்டோ. இரண்டாம் கட்ட மெட்ரோ 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய் செலவில் கட்டப்படுகிறது. குறை என்னவென்றால் இவை ஒன்றோடு ஒன்று கைகோக்கவில்லை. பறக்கும் ரயில் 1995-இல் தொடங்கி 2007-இல் வேளச்சேரி வந்தது. அங்கிருந்து பரங்கிமலை வெறும் ஐந்து கிலோமீட்டர். அந்த ஐந்து கிலோமீட்டருக்காகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தோம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டபோது அதன் எதிரே ரயில் தண்டவாளம் இருந்தது, ரயில் நிற்க நிலையம் இல்லை. இவற்றையெல்லாம் ஒன்றிணைப்பதற்கென்றே பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் அமைக்க 2010-இல் சட்டம் வந்தது. அந்தக் குழுமம் முதன்முதலில் கூடியது 2022-இல். பன்னிரண்டு ஆண்டுகள்! சட்டம் வந்த ஆண்டில் பிறந்த குழந்தைகள் அதற்குள் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

ஆனாலும் அந்தக் குழுமத்தின் முயற்சியில் 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியைப் பாராட்டியே ஆக வேண்டும். பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் மின்சார ரயிலுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட். மகன் கற்றுக்கொடுத்தான், இப்போது நானே எடுக்கிறேன். டிக்கெட் இணைந்துவிட்டது. கால்கள் இன்னும் இணையவில்லை. சென்ற மாதம் ஒரு ரயில் நிலையத்தில் மின்தூக்கி வேலை செய்யவில்லை. கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று படிகளில் இறங்கினேன். கீழே வந்தால் பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு பலகை இல்லை. கேட்டுக் கேட்டு நடந்து, சாலையின் நடுத்தடுப்பைச் சுற்றிக்கொண்டு நிறுத்தத்தை அடைந்தபோது நான் பிடிக்க வேண்டிய பஸ் போய்விட்டிருந்தது. ரயிலில் மிச்சப்பட்ட இருபது நிமிடத்தை அந்த முந்நூறு மீட்டர் தின்றுவிட்டது. சென்னையின் நோய் இந்த முந்நூறு மீட்டரில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ரயில் நிலைய வாசலிலும் பஸ் நிறுத்தம் எத்தனை அடியில் இருக்கிறது என்று ஒரே ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள். எதைச் செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

பஸ்களின் எண்ணிக்கையையும் சொல்லாமல் விட முடியாது. சென்னைப் பெருநகரத்தின் எல்லை 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது, ஐந்து மடங்கு. மாநகர பஸ்களோ நெடுங்காலமாக மூவாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் நடுவிலேயே நின்றன. இரண்டாம் கட்ட மெட்ரோவில் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு 530 கோடி ரூபாய்க்கு மேல். அதில் நூற்றுக்கணக்கான பஸ்கள் வாங்கலாம். மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே அதில்தான் ஆயிரம் விளக்குக்குப் போகிறேன். ஆனால் மெட்ரோ நிலையம் வரை என்னைக் கொண்டுவந்து விடுவது எது? சாதாரணக் கட்டண வெள்ளைப் பலகை பஸ்தானே. தாழ்தள பஸ்கள் வந்த பிறகு என்னைப்போன்றவர்கள் பிறர் கை பிடிக்காமல் ஏறுகிறோம். அதற்காக நீதிமன்றம் வரை போய்ப் போராடிய மாற்றுத்திறனாளிகளுக்கு நான் என்றும் கடன்பட்டவள்.

மலையைப் பற்றி ஒன்று. என் தங்கை குன்னூரில் இருக்கிறாள். கோடை வந்தால் சுற்றுலா வண்டிகளின் நெரிசலில் அவள் வீட்டுக்கு ஒரு பால்காரர்கூட நேரத்துக்கு வர முடிவதில்லை. உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. நீதிமன்றம் கதவைப் பாதி சாத்திவிட்டது. வெளியே நிற்பவர் எப்படி உள்ளே போவார் என்பதற்கு வழி சொல்ல வேண்டியது அரசு. மேட்டுப்பாளையத்தில் கார்களை நிறுத்த இடம் கொடுத்து, அங்கிருந்து மணிக்கு மணி நல்ல மின்சார பஸ்களை விடுங்கள். இறங்கும்போது மின்சார பஸ் தன் மின்கலத்தில் கொஞ்சம் மின்சாரத்தைத் திரும்பச் சேமித்துக்கொள்ளும். மலைக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. மகளிர் கட்டணமில்லாப் பயணம்கூட மலைப் பெண்களுக்கு 2024-இல்தான் கிடைத்தது. மலையில் டவுன் பஸ் என்ற வகையே இல்லாததால் மூன்று ஆண்டுகள் அவர்கள் விடுபட்டுப்போனார்கள். சமவெளியின் அளவுகோலை மலையில் வைத்ததன் விளைவு.

திருப்பூரைப் பற்றி விரிவாக எழுத எனக்கு அனுபவம் போதாது. பனியன் கம்பெனிப் பெண்கள் ஷிஃப்டு விட்டு நடக்கும் சாலைகளில் விளக்கும் நடைபாதையும் இல்லை என்பதை மட்டும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நடைபாதை என்று வந்ததால் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 2023-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 18,347 பேர் இறந்தார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது பேர். ஒரு நாளைக்கு ஒரு பஸ் நிறைய ஆள்கள் இறந்தால் அரசு எப்படித் துடிக்கும்? ஒவ்வொருவராக, ஒவ்வொரு ஊரிலாக இறப்பதால் நாம் பழகிவிட்டோம். சென்னை மாநகராட்சி 2014-இல், நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதலிடம் என்று ஒரு கொள்கையே இயற்றியது. பாண்டி பஜாரில் 2019-இல் அகலமான நடைபாதை வந்தது. அங்கே போய்ப் பாருங்கள், தாத்தாக்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் கையை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். அது ஏன் வேளச்சேரிக்கு வரவில்லை? 1.8 மீட்டர் தடையில்லாத நடைபாதை வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் விதி. என் தெருவில் இருக்கும் நடைபாதையில் மின்மாற்றி நிற்கிறது, மழைநீர் வடிகாலின் மூடி உடைந்து கிடக்கிறது. என்னைப்போல ஒருத்தி நடப்பதற்கு மிச்சமிருப்பது வண்டிகள் ஓடும் சாலைதான்.

போக்குவரத்து என்பது யாருக்கு விடுதலை தருகிறது என்று யோசிக்கும்போது எனக்குப் புதுக்கோட்டை நினைவுக்கு வரும். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பெண்கள், பள்ளி ஆசிரியைகள் என ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டினார்கள். பஸ்ஸுக்காகவும் அண்ணன் தம்பிக்காகவும் காத்திருந்தவர்கள் தாங்களே போய்வந்தார்கள். அப்போது நான் கோவையில் இருந்தேன். செய்தித்தாளில் படம் பார்த்து ஏங்கினேன், கற்றுக்கொள்ளத் துணியவில்லை. நம் அரசு ஒவ்வோர் ஆண்டும் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு இலவச சைக்கிள் தருகிறது. எந்த நாட்டிலும் எளிதில் கிடைக்காத செல்வம் அது. ஆனால் அந்த சைக்கிளைப் பள்ளிக்கு ஓட்டிப்போக ஒரு பாதுகாப்பான தடம் தரவில்லை. பள்ளிகளைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு மட்டுமாவது தாருங்கள். சிறிய ஊர்களில் இது எளிது. புதுக்கோட்டையிலேயே தொடங்கலாம், அந்த ஊருக்கு அந்தப் பெருமை உரியது.

மின்சார பஸ் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்கவேண்டாம் என்பதையும் பணிவோடு சொல்கிறேன். புகை இல்லாத பஸ்ஸும் நெரிசலில் நிற்கத்தான் செய்யும். உள்ளே ஏறுகிறவர் நேரத்துக்குப் போனால்தான் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வருவார்.

1972-இல் பஸ் போக்குவரத்து அரசுடைமையானபின் சென்னை பஸ்களுக்குப் பல்லவன் என்று பெயர், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன். 1997-இல் அந்தப் பெயர்கள் போயின. பெயர் போனதில் எனக்கு வருத்தமில்லை, காரணம் இருந்தது. ஆனால் ஊருக்கு ஊர் வேறு என்ற நினைவும் அதோடு போய்விட்டதோ என்று தோன்றுகிறது. அதை மீட்டுத் தாருங்கள். சென்னைக்கு இருப்பதுபோல் கோவைக்கும் மதுரைக்கும் பஸ், ரயில், சாலை, நடைபாதை எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துத் தீர்மானிக்கும் அதிகாரமுள்ள அமைப்பு வேண்டும், பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வைக்காமல். அந்த மேசையில் நடத்துநர் ஒருவரும், ஷிஃப்டு வேலைக்குப் போகும் பெண் ஒருத்தியும், சக்கர நாற்காலியில் வரும் ஒருவரும் உட்கார வேண்டும். எந்த ஊரில் எந்த வழித்தடத்தில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அது உண்மையில் வந்ததா என்பதை மாதந்தோறும் வெளியிடுங்கள். 2025-இல் தொடங்கிய புதிய சிற்றுந்துத் திட்டம் பஸ்ஸே பார்க்காத பகுதிகளுக்காக வந்தது. அது எந்தெந்தத் தெருக்களுக்கு உண்மையில் போகிறது என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த முறை பஸ் வாங்க டெண்டர் விடும்போது எல்லா ஊர்களுக்கும் ஒரே அளவை எழுதாமல், அந்தந்த ஊரின் வீதியை அளந்து எழுதுங்கள்.

ஆவணி மூலத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போகிறேன். திருவிழாவில் ஒரு நாளாவது கோயிலுக்குப் போக வேண்டும் என்று அம்மா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார். தெற்கு மாசி வீதியிலிருந்து தெற்குச் சித்திரை வீதி வரைக்குமான அந்தச் சில நூறு மீட்டரில், காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரையாவது வண்டிகளை நிறுத்திவைத்துப் பாருங்கள். அம்மாவை நான் நடத்தியே கூட்டிப்போகிறேன்.

நன்றியுடன்,
வேளச்சேரியிலிருந்து ஒரு பஸ் பயணி